மழை வேண்டாத பாஞ்சாலி

முனிராஜுக்கு வயிற்றுவலி வந்தது பாஞ்சாலிக்கு நல்லதாகப் போயிற்று. புருஷனுக்கு வயிற்றுவலி என்று கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி ஏரியூர்ப் பக்கத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளைக் குறை சொல்வதற்கு முன்னால் அவள் பக்கத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. முனிராஜ் தருமபுரியில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் வேலை பார்த்தான். மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவான். வருகிற அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மாமனார், மாமியார், முனிராஜின் அண்ணன் மாரப்பன், அவர் பெண்டாட்டி மாதம்மாள், அவர்கள் பிள்ளைகள். பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. சுவரைப் பார்த்து 'சோறு போட்டாச்சு' என்று அவள் சொல்ல, அவன் வேறொரு சுவரைப் பார்த்து 'சரி' என்பான். மறுநாள் விடிவதற்குள் பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவான். நாலு வருஷத்தில் அவனோடு பேசியதையெல்லாம் சேர்த்துக் கட்டினாலும் ஒரு பொழுதுக்குக் காணாது. கட்டிக்கொண்டவன் எப்படிப்பட்டவன் என்று யாராவது கேட்டால், கோபக்காரன் இல்லை என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் அவனுக்கு வயிறு கெட்டது. ஓட்டல் சாப்பாடுதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் யோசித்தாள்.

"காடு காஞ்சு கெடக்குது. இவளுக்கு இங்க என்ன வேல? போயி கோடை முடியற வரைக்கும் அவனுக்கு வடிச்சுப் போடட்டும்" என்றாள்.

மாரப்பன் வாசலில் நின்றபடி வானத்தைப் பார்த்துச் சொன்னார். "மழ விழுந்தா வந்தரணும். ஒழவுக்கும் வெதைப்புக்கும் ஆளு வேணும்."

ஆக, பாஞ்சாலிக்குக் கிடைத்த விடுமுறை எப்போது முடியும் என்பது மேலே இருக்கிறவன் கையில் இருந்தது.

தருமபுரி தனி ஜில்லாவாகிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. அந்தப் பெருமையில் ஊரே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது. டீக்கடைக்காரர்கூட 'நம்ம கலெக்டர்' என்று பங்காளியைச் சொல்வதுபோலச் சொன்னார். லாரிகள், சினிமாக் கொட்டகை, ராத்திரி எரிகிற தெருவிளக்கு என்று பாஞ்சாலிக்கு அதுதான் பட்டணம். மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று முனிராஜுடையது. ஒரு அறை, மூலையில் அடுப்பு, ஒரு கதவு. மாமியார் கிடையாது, மூத்தார் கிடையாது, பிள்ளைகள் கிடையாது. ஆனால் பழகின நாக்கு லேசில் திரும்புமா? முதல் வாரம் முழுக்க இரண்டு பேரும் அந்த வீட்டுச் சுவரோடுதான் பேசினார்கள்.

இதை உடைத்தது ஒரு ஜோடி டயர் செருப்பு.

வாரச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவன் முன்னால், அவள் பத்தடி பின்னால். ஊரில் அப்படித்தான் நடப்பார்கள், இங்கேயும் அப்படித்தான் நடந்தார்கள். தலையைக் குனிந்து புருஷன் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது என்பது அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. அன்றைக்குச் சந்தையில் முனிராஜ் புதுசாக ஒரு டயர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டான். பச்சைக் கட்டம் போட்ட கைலி, கறுப்புச் செருப்பு. பாஞ்சாலி அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் கூட்டம் நெரித்தது. கூட்டத்தைத் தாண்டியதும் பச்சைக் கைலியும் கறுப்புச் செருப்பும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவளும் போனாள்.

செருப்பு ஒரு சந்தில் திரும்பியது. நம் தெரு இது இல்லையே என்று ஒரு யோசனை வந்தது. ஏதோ குறுக்கு வழிபோலும் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கலாமென்றால் கேட்டுப் பழக்கமில்லை. பஞ்சுப் பொதிகள் அடுக்கிய ஒரு வாசலில் செருப்பு நின்றது. கழற்றிப் போட்டுவிட்டு ஆள் உள்ளே போனான். பாஞ்சாலியும் கூடையோடு பின்னாலேயே படியேறினாள்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா வேணும்? எங்க வூட்டு ஆளு பின்னாடியே வர்றீங்க?"

திரும்பிப் பார்த்த முகத்தில் தாடி இருந்தது, தலையில் தொப்பி இருந்தது. மெத்தை தைக்கும் மஸ்தான் பாய். சந்தையிலிருந்து தன் பின்னால் ஒரு பெண் வந்ததே அவருக்குத் தெரியாது. பாஞ்சாலி கூடையை அங்கேயே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவில் செருப்பு விஷயத்தைச் சொன்னதும் மஸ்தானின் மனைவி ஹாஜிரா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏங்க, நாளைக்கே இந்தச் செருப்ப மாத்துங்க. இல்லாட்டி ஊருப் பொம்பளைங்க எல்லாம் வந்துருவாங்க" என்றாள்.

அவள் கொடுத்த டீயைப் பாஞ்சாலி குடித்து முடிப்பதற்குள் மஸ்தான் போய் முனிராஜைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். அவன் ஓடி வந்திருக்கிறான். சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். தன்னைக் காணோமென்று ஒருத்தன் இப்படி ஓடி வருவான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது அவன் சொன்னான். "நான் லைன் வூடு வரைக்கும் பேசிட்டே போனேன். நீ பின்னாடி வர்றேன்னுதான்."

"என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா அத்தன தூரம் பேசுனீங்க?"

அவன் தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்தான், சாக்கடையைப் பார்த்தான். முன்னால் நடந்துகொண்டே, முகம் பார்க்காமல், சந்தையிலிருந்து தைரியத்தைக் கூட்டிக்கூட்டிச் சொன்னது. நேரே நின்று இன்னொரு தரம் சொல்வது லேசா என்ன?

"மழ வந்தாலும் உன்ன ஊருக்கு அனுப்ப எனக்கு மனசில்லன்னு சொன்னேன்."

பாஞ்சாலிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அதப் போயி ரோட்டுக்கிட்ட சொன்னீங்களா?"

"ஆமா."

"உங்க அண்ணங்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றான். அண்ணன் எதிரில் அவன் இதுவரைக்கும் தலை நிமிர்ந்ததில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "இனிமே பின்னாடி வராத. பக்கத்துலயே நட" என்றும் சொன்னான்.

அதற்கப்புறம்தான் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை. மில் விட்டதும் வாடகை சைக்கிள் எடுத்து அவளைப் பின்னால் உட்காரவைத்து அதியமான்கோட்டை வரைக்கும் மிதிப்பான். மேட்டில் மூச்சு வாங்கும். "எறங்கிக்கட்டுங்களா" என்று அவள் கேட்டால் வேண்டாமென்று இன்னும் வேகமாக மிதித்து, மேட்டின் உச்சியில் நிறுத்தி, இரண்டு பேரும் சாலையோரம் உட்கார்ந்துவிடுவார்கள். கொட்டகையில் படம் பார்த்தார்கள். படத்தில் அழுதவர்களைவிட அவன் அதிகம் அழுதான், அதைச் சொல்லி அவள் மூன்று நாள் கேலி செய்தாள். மாம்பழம் வாங்கி வாசலில் உட்கார்ந்து முழங்கை வரை சாறு ஒழுகத் தின்றார்கள். ஒரு நாள் குழம்பில் புளி அதிகம் என்று அவன் சொல்லப்போக, அவள் பதிலுக்குச் சொல்ல, நன்றாகச் சண்டை போட்டார்கள். சண்டை முடிந்ததும் பாஞ்சாலிக்குப் பெருமையாக இருந்தது. ஊரில் சண்டை போடக்கூட அவர்களுக்கு இடமிருந்ததில்லை.

இரண்டு பேருக்கும் பேசப் பேசத் தீரவில்லை. அவனுக்குச் சின்ன வயதில் கிணற்றில் விழுந்த பயம் இன்னும் இருப்பதும், மில் மெஷின் சத்தத்தில் தனியாகப் பாடுவான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவனுக்கு அது பிடித்தும் இருந்தது. நல்ல ஆளைத்தான் கட்டியிருக்கிறோம் என்று ஒரு நாள் சாதம் வடிக்கும்போது பாஞ்சாலிக்குப் பட்டது. கஞ்சித்தண்ணீர் காலில் கொட்டியதுகூடத் தெரியாமல் நின்றாள்.

அவளுக்கு ஒரே விரோதி மேகம்.

அது போன வருஷமே மழை சரியாகப் பெய்யாத சீமை. கிணறுகளில் அடிமண் தெரிந்தது. மாடுகளை வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயில் ஒரு குடத்துக்கு ஒரு சண்டை நடந்தது. ஊரே அண்ணாந்து பார்த்து ஏங்கியது. பாஞ்சாலியும் அண்ணாந்து பார்த்தாள். வானம் வெளுத்திருந்தால் அவளுக்கு மூச்சு வந்தது. மேற்கே கறுத்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காட்டில் பிறந்து காட்டில் வளர்ந்தவள் மழை வேண்டாமென்று நினைக்கலாமா என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் நினைத்தாள்.

மஸ்தான் பாயும் மற்றவர்களும் மழைக்காக வெட்டவெளியில் தொழுகைக்குப் போனார்கள். "நீயும் உங்க சாமிகிட்ட கேளும்மா, யாரு கேட்டாலும் மழ மழதானே" என்றாள் ஹாஜிரா. பாஞ்சாலி தலையை ஆட்டினாள். ஒரு சாமியிடமும் அவள் கேட்கவில்லை.

வைகாசி நெருங்கும்போது லைன் வீட்டுப் பெண்கள் மழைச்சோறு எடுப்பதென்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு வீடு உப்புப் போடாத சோறு வாங்கி, ஒரே பானையில் கலந்து, மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோருமாக உட்கார்ந்து தின்று, 'பஞ்சம் பொழைக்க ஊரை விட்டுப் போறோம்' என்று ஒப்பாரி வைக்க வேண்டும். பெண்கள் உப்பில்லாச் சோறு தின்று அழுதால் வானத்துக்குப் பொறுக்காது என்பது நம்பிக்கை. வழக்கமாக எல்லா ஊரிலும் செய்வதுதான். ஏரியூரில் பாஞ்சாலியே பானை தூக்கியிருக்கிறாள்.

முதல் வீட்டுச் செல்லம்மாள் பானையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். பாஞ்சாலி உள்ளே போனாள். சோறு இறக்கி வைத்திருந்தது. பக்கத்தில் உப்புச் சட்டி இருந்தது. அவள் யோசிக்கவில்லை, கைதான் போயிற்று. ஒரு கை உப்பை அள்ளிச் சோற்றில் போட்டுக் கிளறிக் கொண்டுவந்து மழைச்சோற்றுப் பானையில் கொட்டினாள்.

கோயில் முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். கலந்த சோற்றில் அந்த உப்பு யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் யாரும் சொல்லவில்லை. ஒப்பாரி ஆரம்பித்தது. மற்றவர்கள் வழக்கத்துக்கு அழுதார்கள். பாஞ்சாலி நிஜமாகவே அழுதாள், எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். 'இந்தப் புள்ளைக்குத்தான் எவ்வளவு பக்தி' என்று செல்லம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை பட்டதும் அவளுக்கு அழுகை இன்னும் கூடியது.

அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதி இல்லை. ஊரில் மாதம்மாள் அக்கா காய்ந்த கிணற்றடியில் காத்திருப்பதும், மாமனார் உழாத காட்டைச் சும்மா சுற்றிச் சுற்றி வருவதும் கண்ணிலேயே நின்றது. தன்னால் மழை நின்றுபோனால் என்ன செய்வது? இத்தனை பேர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டுப் புருஷனோடு சைக்கிளில் போவது ஒரு சுகமா? சைக்கிளில் போகும்போதும் இந்த நினைப்புதான் வந்தது. வேண்டாம், பெய்துவிடட்டும் என்று நினைப்பாள். மறு நிமிஷம் அவன் முதுகில் நெற்றியைச் சாய்த்து, இன்னும் ஒரு வாரம் கழித்துப் பெய்யட்டும் என்பாள்.

வானம் உப்பையும் பார்க்கவில்லை, ஒரு வாரமும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டியது. லைன் வீட்டு ஜனம் பூராவும் தெருவில் இறங்கி நனைந்தது. ஹாஜிரா சந்து முனையிலிருந்து கையை ஆட்டிச் சிரித்தாள். பாஞ்சாலி நிலைப்படியிலேயே நின்றாள். நெஞ்சை அழுத்திய கல் இறங்கியதுபோல இருந்தது, அதே நேரத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று என்றும் இருந்தது. நனைந்துகொண்டே வந்த முனிராஜிடம் உப்புப் போட்டதைச் சொல்லிவிட்டாள். திட்டட்டும், இரண்டு அறைகூட வைக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அவன் துண்டால் தலையைத் துவட்டினான். "எவ்வளவு போட்ட?"

"ஒரு கை."

"பத்தலயே" என்றான். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் ஒரு கை போட்டிருப்பனே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த ஆளை விட்டுவிட்டு எப்படிப் போய் இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாரப்பன் மறுநாள் மத்தியானமே வந்துவிட்டார். முட்டிவரை சேறு, முகமெல்லாம் சந்தோஷம். அந்த மனிதர் அப்படிச் சிரித்து முனிராஜே பார்த்ததில்லை. பாஞ்சாலி வழக்கப்படி அடுப்பு மூலையில் மறைவாகப் போய் நின்றுகொண்டாள். அவர் பாயில் உட்கார்ந்து தம்பியிடம் சொன்னார்.

"நல்ல ஒழவு மழடா முனி. மேட்டுக்காட்டுல கைய உட்டா முழங்கை வரைக்கும் ஈரம். நாளைக்கே ஏரு பூட்டணும். அவள கெளம்பச் சொல்லு."

முழங்கை வரைக்கும் ஈரம் என்றதும் பாஞ்சாலிக்குக் கை துறுதுறுத்தது. அந்த மண்ணின் வாசனை அவளுக்கு இங்கிருந்தே அடித்தது. போகத்தான் வேண்டும், போகவும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போனால் திரும்ப வர முடியுமா? அதைக் கேட்க வேண்டியவன் அதோ நின்றுகொண்டிருந்தான்.

முனிராஜ் கூப்பிட்டான். "ண்ணா..."

"என்னடா?"

"காப்பி குடிக்கறயாண்ணா?"

"வேண்டாம்."

முனிராஜ் மறுபடி ஆரம்பித்தான். "ண்ணா..."

"என்னடா?"

"செவலக் கன்னு நல்லாருக்குதா?"

"அதுக்கென்ன, குதிக்குது."

பாஞ்சாலிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. இந்த வாய் ரோட்டோடுதான் பேசும். அவள் மூலையிலிருந்து வெளியே வந்தாள்.

"மாமா" என்றாள்.

இரண்டு ஆண்களும் திடுக்கிட்டார்கள். நாலு வருஷத்தில் அவள் மாரப்பனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சட்டென்று எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"நான் வர்றேங்க மாமா. ஒழவுக்கு நிக்கறேன், வெதைச்சும் குடுக்கறேன். அது முடிஞ்சதும் இங்க திரும்பி வந்தர்றேங்க. களையெடுக்கச் சொல்லியுட்டா மறுபடி வர்றேன், அறுப்புக்கும் வர்றேன். ஒரு வேலைக்கும் கொற வெக்கமாட்டேங்க." வயிற்றுவலி என்ற காரணம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் லேசாக முடிந்துவிடும். ஆனால் அவள் சொல்லவில்லை. "இவருக்கு வயிறு நல்லாப் போச்சுங்க. அதுக்காகக் கேக்கல. எனக்கு இவரோட இருக்கணுங்க மாமா."

மாரப்பன் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குந்தாண்ணா" என்றான் முனிராஜ். தலை நிமிர்ந்திருந்தது.

மாரப்பன் முட்டியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார். பிறகு, "அம்மாகிட்ட யாருடா சொல்றது?" என்றார்.

தம்பி தரையைப் பார்த்தான்.

"சரி, நானே சொல்றேன். சோத்தப் போடச் சொல்லு."

பாஞ்சாலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இலை போட்டாள், சோறு போட்டாள், கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மாரப்பன் பேசாமல் சாப்பிட்டு எழுந்து வாசலில் கை கழுவினார். சொம்பை வாங்கிக்கொள்ள அவள் போனபோது அவர் நகராமல் நின்றார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, சாயங்காலத்துல நீங்க ரெண்டு பேரும் இங்க என்னதான் பண்ணுவீங்க?"

"சும்மா நடந்து போவங்க மாமா."

"நடந்து போயி?"

"பேசிட்டிருப்பங்க."

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். மாதம்மாளைக் கட்டிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது அந்த மனிதருக்கு.

"அடுத்த கோடையில ஒரு பத்து நாளு நாங்களும் வந்தா, இந்த ரூம்புல எடம் பத்துமா?"

"பத்துங்க மாமா. நல்லாப் பத்தும்."

"அப்படின்னா ஊருக்குப் போனதும் உங்க அக்காகிட்ட, வர்றாளான்னு நீயே கேட்டுச் சொல்லு" என்றார் மாரப்பன். "எனக்கு அவகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியலம்மா."